எல்லாத்துக்கும் லேப் இருக்கு, சமையலுக்கு மட்டும் இல்லை

நாலு வருஷத்துல நாம எத்தனை லேப் முடிக்கிறோம்னு ஒரு தடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்க. முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல ஈ.டி.டி.ஏ. ஊத்தி ஊத்தி, ஒயின் கலர்ல இருக்கிற கரைசல் எப்போ நீலமா மாறும்னு கண்ணு வலிக்கப் பார்த்தோம். ஒர்க்‌ஷாப்ல ரெண்டு மரத்துண்டை இழைச்சு டி-ஜாயிண்ட் போட்டோம். தகரத்துல தட்டு செஞ்சோம் (என்னோடது எந்தக் கோணத்துல பார்த்தாலும் தட்டு மாதிரி இல்லை, அது வேற கதை). வெல்டிங், பிளம்பிங் எல்லாம் தொட்டுப் பார்த்தாச்சு. இதுல எதையும் நான் குறை சொல்லலை. ஆனா இத்தனையும் கையால செஞ்சு பார்த்த ஒருத்தன் இருபது வயசுல ஒரு டம்ளர் ரசம் வைக்கத் தெரியாம நிக்கிறான்னா, பாடத்திட்டத்துல எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஒருத்தன் நான். உங்கள்ல பாதிப் பேர் அதே வரிசையிலதான் நிக்கிறீங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். போன செமஸ்டர்ல ஹாஸ்டல் கமிட்டி, மெஸ் சமையற்கட்டுல ஆறு சனிக்கிழமை ஒரு சமையல் வகுப்பு நடத்துச்சு. சாதம், பருப்பு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, சப்பாத்தி, குருமா, இட்லி மாவு. சொல்லிக் குடுத்தவர் நம்ம மெஸ் மாஸ்டர். கூட இருந்து காய் நறுக்கக் கத்துக் குடுத்தவங்க மெஸ் அக்கா. அடுத்த செமஸ்டர் இதை நடத்தலாமா வேணாமான்னு இப்போ பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. கேஸ் செலவாகுது, ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு, பசங்களும் ஆர்வமா வரலை - இப்படி மூணு காரணம் காதுல விழுது. நிறுத்தக் கூடாதுங்கிறது என் கட்சி. ஒரு கிரெடிட் குடுத்து எல்லாருக்கும் இதைப் பாடமாவே ஆக்கணும்ங்கிறது அதுக்கு மேல ஒரு ஆசை.

இதுல உனக்கு என்னப்பா இவ்வளவு அக்கறைன்னு கேக்கலாம். நியாயம்தான்.

போன வருஷ செமஸ்டர் லீவுல அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். நாலாவது நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. எண்ணெய், காரம் கம்மியா, லேசான சாப்பாடா குடுங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். பார்க்க வந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் அம்மாகிட்ட சொன்ன ஆறுதல் ஒண்ணே ஒண்ணுதான்: "அதான் பொண்ணு இருக்கால்ல, அவ பாத்துக்குவா." அந்தப் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிற என் தங்கச்சி. அவளுக்கு அடுத்த வாரம் டெஸ்ட். நான் சோபாவுல போனோட உக்காந்திருந்தேன். வந்தவங்கள்ல ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பலை. எனக்கும் அது அப்போ வசதியாத்தான் இருந்துச்சு. அவங்க போனதும் தங்கச்சி சொன்னா: "அண்ணா, எனக்கும் ஒண்ணும் தெரியாது. உனக்கு லீவு, எனக்கு டெஸ்ட். என்னை மட்டும் ஏன் எல்லாரும் பாக்குறாங்க?"

பதில் இல்லை. எழுந்து போய் ஒரு வீடியோவைப் போட்டு ரசம் வச்சேன். புளியைக் கரைச்சு, தக்காளி, ரசப்பொடி எல்லாம் போட்டுக் கொதிக்க விடுங்கன்னு அதுல சொன்னாங்க. நானும் விட்டேன், இருபது நிமிஷம், பெரிய தீயில. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு "நல்லாருக்குப்பா, பசிக்கலை" அப்படின்னாங்க. மிச்சத்தை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். கசப்பும் புளிப்பும் சேர்ந்து நாக்கு தடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் எதிர்வீட்டு அத்தைதான் ஒரு வேளை கஞ்சியும் ஒரு வேளை ரசமும் குடுத்து அனுப்பினாங்க. அவங்களுக்கும் வேலைக்குப் போற வீடு அது.

அந்த ரசத்துல என்ன தப்புன்னு எனக்குத் தெரிஞ்சது மூணாவது வகுப்புல. மாஸ்டர் ரசத்தைப் பத்தி அதிகம் பேசலை. "புளி பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கட்டும் தம்பி. பருப்புத் தண்ணி ஊத்தினப்புறம் கொதிக்க விடாத. சுத்தி நுரை கட்டி மேல எழும்பி வரும் பாரு, அதோட இறக்கிடு." அவ்வளவுதான். இதே வார்த்தை எந்த வீடியோவுலயும் இருக்கும். ஆனா 'பச்சை வாசனை'ன்னா எது, அது 'போயிடுச்சு'ன்னா எப்படி இருக்கும்னு எந்த ஸ்பீக்கர்ல இருந்து வரும்? மாஸ்டர் என் தலையைப் பிடிச்சுச் சட்டிப் பக்கம் குனிய வச்சு, "இப்போ முகர்ந்து பாரு" அப்படின்னார். ஐந்து நிமிஷம் கழிச்சு மறுபடி, "இப்போ பாரு." ரெண்டுக்கும் வித்தியாசம் என் மூக்குக்குப் புரிஞ்ச நொடியில, வீட்ல நான் வச்ச ரசத்துல பருப்புத் தண்ணியை முதல்லயே ஊத்தி எல்லாத்தையும் சேர்த்துக் காய்ச்சி எடுத்திருக்கேன்னு புரிஞ்சது.

தாளிப்பும் அப்படித்தான். எண்ணெய் காயாம கடுகு போட்டா அது வெடிக்காது, சும்மா மிதக்கும். அதை வெடிக்க விடாமலே உளுத்தம்பருப்பைப் போட்டா, கடுகு வெடிக்கிற நேரத்துல பருப்பு கருகியிருக்கும். எது கருக நேரமாகுமோ அது முதல்ல, எது சட்டுன்னு கருகுமோ அது கடைசியில. கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம்னு நம்ம வீட்ல சொல்ற வரிசைக்குப் பின்னால இருக்கிறது ஒரு டைம் ஷெட்யூல். காதால கடுகைக் கேட்டு, கண்ணால உளுந்தோட நிறத்தைப் பார்த்து, மூக்கால பெருங்காயத்தைப் பிடிக்கணும். நாங்க அன்னைக்கு பதினாலு பேர் ஆளுக்கு ஒரு தாளிப்புக் கரண்டி பிடிச்சோம். ஒன்பது பேர் கருக்கினோம். அந்தக் கருகலுக்குத்தான் வகுப்பு வேணும். வீட்ல கருக்கினா திட்டு விழும், ரூம்ல கருக்கினா வார்டன் வருவார். தப்பு பண்ண ஒரு இடம் வேணும்னுதானே லேப்னு ஒண்ணு வச்சிருக்கோம்?

(பெருங்காயம்னு சொன்னதும் ஒரு துணுக்கு. தினமும் சாம்பார்ல போடுறோமே, அது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியோட வேர்ல இருந்து வடிக்கிற பிசின். அந்தச் செடியை இந்தியாவுல வளர்க்கிற முயற்சியா 2020 அக்டோபர்லதான் இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்குல முதல் நாற்றை நட்டாங்க. மாஸ்டர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்படியா? சரி, டப்பாவை மூடி வை, வாசம் போயிடும்" அப்படின்னார்.)

குக்கருக்கு வருவோம். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல 'பிரஷர் குக்கர்ல ஏன் சீக்கிரம் வேகுது'ன்னு ரெண்டு மார்க் கேள்வி வந்தா கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவோம். அழுத்தம் ஏறினா கொதிநிலை ஏறும். வீட்டுக் குக்கர்ல வெளிக்காத்தை விட ஒரு மடங்கு அழுத்தம் கூடும்போது தண்ணி சுமார் 120 டிகிரியில கொதிக்கும். சரி. இப்போ ஒரு குக்கரைக் கையில குடுத்து துவரம்பருப்பை வேகவைக்கச் சொன்னா? எங்க பேட்ச்ல மெக்கானிக்கல் பசங்களே மூணு பேர் இருந்தோம். மூடியில கேஸ்கெட் சரியா உக்காந்திருக்கான்னு ஒருத்தரும் பார்க்கலை. வெயிட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையில அடைப்பு இருக்கான்னு பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. பருப்பு நுரைக்கும், அதனால பாதிக்கு மேல நிரப்பக் கூடாதுங்கிறதும் தெரியலை. நுரை ஏறிப் போய் ஓட்டையை அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், அழுத்தம் எங்கே போகும்னு கணக்கே போடுவோம். ஆனா அந்தக் கணக்கும் இந்தக் குக்கரும் ஒண்ணுன்னு மண்டையில ஏறியிருக்கலை. மாஸ்டர்தான் பக்கவாட்டுல இருக்கிற சேஃப்டி வால்வைக் காட்டி, "இது உருகிடுச்சுன்னா கடையில கம்பெனி வால்வுதான் வாங்கணும், கிடைச்சதைச் சொருகக் கூடாது" அப்படின்னார். பாதுகாப்பு பத்திக் கவலைப்படுற பெரியவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். குக்கரைத் தொடத் தெரியாத ஒரு பையனை அடுத்த வருஷம் சோழிங்கநல்லூர்லயோ பெங்களூர்லயோ ஒரு ரூம்ல தனியா விடப் போறீங்க. அவன் முதல் தடவை குக்கரைத் திறக்கிறது மாஸ்டர் பக்கத்துல நிக்கும்போதா இருக்கணுமா, இல்லை அங்கேயா?

இன்னொண்ணு, 'அஞ்சு விசில்' கணக்கு. விசில் ஒரு அளவே இல்லைங்கிறது எனக்குப் பெரிய அதிர்ச்சி. தீ பெருசா இருந்தா நாலு நிமிஷத்துல அஞ்சு விசில் வரும், பருப்பு வேகாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு, கடிகாரத்தைப் பாருங்கன்னார். ஊறின துவரம்பருப்புக்குப் பத்து நிமிஷம் போதும். நேரம்தான் அளவு, சத்தம் இல்லை.

இதுல என்னை உண்மையிலேயே உக்கார வச்சது ரெண்டாவது வாரம் நடந்த ஒரு சம்பவம். ரெண்டு குரூப்பாப் பிரிஞ்சு பருப்பு வேகப் போட்டோம். ஒரே பருப்பு, ஒரே நேரம், ஒரே மாதிரி அடுப்பு. ஒரு குக்கர்ல வெண்ணெய் மாதிரி மசிஞ்சது. எங்க குக்கர்ல பருப்பு கல்லு கல்லா நின்னுச்சு. மாஸ்டர் ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி எங்கே பிடிச்சீங்க?" நாங்க போர் குழாயில பிடிச்சிருந்தோம், அவங்க கேன் தண்ணி. நம்ம கேம்பஸ் போர் தண்ணி எவ்வளவு கடினம்னு நானே முதல் வருஷ ரெக்கார்டுல எழுதி கையெழுத்து வாங்கியிருக்கேன், மக்களே! அந்தத் தண்ணியில இருக்கிற கால்சியம், பருப்போட செல் சுவர்ல இருக்கிற பெக்டினைக் கெட்டிப்படுத்திடும், அதனால சீக்கிரம் குழையாது. புளியும் அதே மாதிரி வேகறதைத் தடுக்கும். அதனாலதான் பருப்பு வெந்த பிறகு புளி. மாஸ்டருக்கு பெக்டின் தெரியாது. எனக்குப் பருப்பு தெரியாது. ஒயின் கலர் நீலமா மாறினதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதோட வேகும்போது மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விடச் சொன்னார். எங்க பாட்டியும் விடுவாங்க. நான் சின்ன வயசுல அது விளக்குக்கு ஊத்துற எண்ணெயாச்சேன்னு சண்டை போட்டிருக்கேன்.

அளவு விஷயத்துலயும் ஒரு பாடம் கிடைச்சது. மாஸ்டர் மனசுல இருக்கிறது நானூறு பேர் சாம்பார். எங்களுக்கு வேண்டியது நாலு பேருக்கு. எல்லாத்தையும் நூறால வகுத்துட்டா முடிஞ்சதுன்னு நினைச்சு, போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். வந்தது சாம்பார் இல்லை, கூட்டு. அண்டாவுல தண்ணியோட கொள்ளளவு பெருசு, மேல்பரப்பு அதுக்கேத்த அளவு பெருசு இல்லை. ஆவியாப் போறது விகிதப்படி கம்மி. சின்னச் சட்டியில அதே கொதிக்கு மேல்பரப்பு அதிகம், தண்ணி பறந்துடும். ஹீட் டிரான்ஸ்ஃபர் படிக்கிற ஜூனியர்களே, இதை விட நல்ல மினி புராஜெக்ட் கிடைக்காது. செஞ்சு முடிச்சதும் சாப்பிடவும் செய்யலாம்.

இதெல்லாம் சுவாரசியம். ஆனா நான் இந்தக் கட்டுரையை எழுத உக்காந்தது வாழைப்பூவால.

நாலாவது வாரம், பொரியல் நாள். பீன்ஸ், முட்டைக்கோஸ்னு எதிர்பார்த்துப் போனா, அக்கா மூணு வாழைப்பூவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பொரியல் அது. வீட்ல கேட்டுக் கேட்டுச் செய்யச் சொல்லுவேன். அக்கா கையில எண்ணெயைத் தடவிக்கச் சொன்னாங்க, கறை பிடிக்காம இருக்க. ஒவ்வொரு மடலா உரிச்சு, உள்ளே வரிசையா இருக்கிற பூவை எடுத்து, ஒவ்வொரு பூவுல இருந்தும் கள்ளனை எடுக்கணும். கள்ளன்னா நடுவுல குண்டூசி மாதிரி தலையோட நிக்கிற நரம்பு, அது வேகாது. கூடவே அடியில கண்ணாடி மாதிரி ஒரு சின்ன இதழ், அதையும். ஒரு பூவுக்கு நூத்துக்கு மேல இருக்கும் போல, எண்ணி முடியலை. உரிச்சதை உடனே மோர்த் தண்ணியில போடணும், இல்லைன்னா கறுத்துடும். அஞ்சு பேர் தரையில வட்டமா உக்காந்து ஆரம்பிச்சோம். பதினைஞ்சு நிமிஷத்துல ஜோக் தீர்ந்து போச்சு. அரை மணியில முதுகு வலி. ஒருத்தன் "இதுக்கு ஒரு மெஷின் செய்யலாம்டா" அப்படின்னான். எல்லா இன்ஜினியரிங் பையனும் வேலை செய்யும்போது சொல்றதுதான். முக்கால் மணி நேரம் கழிச்சு அக்கா எங்க பாத்திரத்தைப் பார்த்துட்டு, பாதிப் பூவுல கள்ளன் அப்படியே இருக்குன்னு திரும்பக் கொட்டினாங்க.

பொரியல் ஆக மொத்தம் ஒண்ணே முக்கால் மணி நேரம். சாப்பிட்டு முடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு. நான் போன்ல நேரம் பார்த்தேன், வேணும்னேதான்.

வீட்ல எத்தனை தடவை "அம்மா, இந்த வாரம் வாழைப்பூ" அப்படின்னு போன்ல சொல்லியிருப்பேன்? வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்து, சனிக்கிழமை நான் வர்றதுக்குள்ள அம்மா தனியா உக்காந்து அத்தனை கள்ளனையும் எடுத்திருக்காங்க. அதைத் தட்டுல வச்சதும் "கொஞ்சம் உப்பு கம்மி" அப்படின்னு சொன்ன ஞாபகமும் இருக்கு. சமையலைப் பத்தி 'அன்பு', 'கைப்பக்குவம்'னு எவ்வளவோ பேசுறோம். அதுல இருக்கிற மணிக்கணக்கைப் பத்திப் பேசறதே இல்லை. செஞ்சு பார்க்காதவன் எப்படிப் பேசுவான்?

இந்த இடத்துல ஒரு விஷயத்தை உடைச்சுச் சொல்லணும். வகுப்பு நடந்தது பாய்ஸ் மெஸ்ல, சனிக்கிழமை அஞ்சு மணியில இருந்து ஏழரை வரைக்கும். கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல ஆறரைக்கு அட்டென்டன்ஸ். அதனால பொண்ணுங்க ஒருத்தர்கூட வர முடியலை. இதைக் கேட்டப்போ ஏற்பாடு செஞ்ச ஒருத்தர் சொன்ன பதில்: "அவங்களுக்குத்தான் தெரியுமே." எங்க கிளாஸ்ல இதைச் சொன்னதும் பொண்ணுங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே... "யாரு சொன்னா? நானும் பன்னெண்டாவது வரைக்கும் கோச்சிங், அப்புறம் ஹாஸ்டல். நான் எப்போ அடுப்படிக்குப் போனேன்?" அப்படின்னு ஒருத்தி கேட்டா. என் தங்கச்சி கேட்ட அதே கேள்வி. பொண்ணாப் பிறந்தா கையில கரண்டியோட பிறப்பாங்கன்னு நாம நம்புறோம். இத்தனைக்கும் கல்யாணத்துல சமைக்கிற தவசிப்பிள்ளை ஆம்பளை, ஓட்டல் மாஸ்டர் ஆம்பளை, நம்ம மெஸ் மாஸ்டர் ஆம்பளை. சம்பளம் வந்தா அது ஆம்பளை வேலை, சம்பளம் இல்லைன்னா பொம்பளை வேலை. அடுத்த தடவை வகுப்பை மதியம் ரெண்டு மணிக்கு வைங்க, ரெண்டு ஹாஸ்டலுக்கும் பொதுவா வைங்க. இது பெரிய புரட்சியெல்லாம் இல்லை, டைம் டேபிள் மாத்துறதுதான்.

"யூடியூப் இருக்கும்போது எதுக்குடா கிளாஸ்?" - என் ரூம்மேட்டே கேட்டான். யூடியூப்ல எல்லாம் இருக்கு, வெல்டிங்கும் இருக்கு. பார்த்துட்டு யாராவது நேரா வெல்டிங் பண்ணப் போவீங்களா? நம்ம ஊர்ல சமையல் புத்தகம்னாலே எல்லாரும் சொல்றது எஸ். மீனாட்சி அம்மாளோட புத்தகம். 1951-ல வந்தது. அம்மாவை விட்டுத் தூரமாப் போனவங்களுக்குப் புத்தகம் மூலமாச் சொல்லிக் குடுத்த பெரிய வேலை அது. அவங்களே அதுக்கு வச்ச பேர் 'சமைத்துப் பார்'. படித்துப் பார்னு வைக்கலை.

டெலிவரி ஆப் பத்தி நான் பெருசா வாதாடப் போறதில்லை. நானும் ஆர்டர் பண்றவன்தான். ஆனா தெரிஞ்சும் சமைக்காம ஆர்டர் பண்றதுக்கும், வேற வழியில்லாம ஆர்டர் பண்றதுக்கும் மாசக் கடைசியில வித்தியாசம் தெரியும். முதல் வேலைக்குப் போன சீனியர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, சம்பளம் எங்கே போகுதுன்னு.

நேரம் இல்லைங்கிற வாதத்தை நான் கணக்குலயே எடுத்துக்கலை. நம்ம ஹாஸ்டல்ல சனிக்கிழமை சாயந்திரம் யார் என்ன பண்றாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சைவம் மட்டும் ஏன்னு சில பேர் கேட்டாங்க, கொஞ்சம் கோபமாவே. நியாயமான சந்தேகம்தான், சைவம்னா சுத்தம், மத்தது மட்டம்னு பேசுற ஆட்கள் இருக்கிற நாட்டுல அந்தக் கேள்வி வரணும். நான் ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லைன்னா முகம் சுளிக்கிற வீட்டுப் பையன். மாஸ்டர் சொன்ன காரணம் சாதாரணமானது: பருப்பும் காயும் விலை கம்மி, கருக்கினாலும் நஷ்டம் பெருசில்லை, பச்சைக் கறியைக் கையாள ஆரம்பிச்சா கத்தி, பலகை, கை கழுவுறதுன்னு அது தனி வகுப்பு. அதையும் ஒரு நாள் வைக்கணும்னு நானும் கேட்டிருக்கேன். ஆனா சாம்பாரும் ரசமும் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தம் இல்லை. அன்னைக்கு வகுப்புல தஞ்சாவூர்க்காரன் அரைச்சு விடணும்னான், நாகர்கோவில்காரன் தேங்காய் இல்லாம அது சாம்பாரான்னான், ஓசூர்ல இருந்து வந்தவன் ஒரு துண்டு வெல்லம் போடலாமான்னு கேட்டு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டான். (மாஸ்டர் கடைசியில அவனுக்காக ஒரு சின்னச் சட்டியில போட்டுக் குடுத்தார். மோசமில்லை. அவன்கிட்ட சொல்லாதீங்க.) சத்துணவு சமைக்கிறவங்களோட சாதியைச் சொல்லி, பிள்ளைங்களைச் சாப்பிட விடாத ஊர்களைப் பத்தி நாம செய்தியில படிச்சிருக்கோம். எங்க பதினாலு பேர் வீட்டுலயும் அப்படி ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இல்லாம இருக்க மாட்டாங்க. அந்த அண்டாவுல யார் நறுக்கினது, யார் கிண்டினதுன்னு ஒருத்தனும் கேக்கலை. எவன் கருக்கினான்னு மட்டும்தான் கேட்டோம்.

ஆர்வமா வரலைங்கிற குற்றச்சாட்டு பாதி உண்மை. பேர் குடுத்தவங்க இருபத்திரண்டு, முதல் நாள் வந்தது பதினாலு, மூணாவது வாரம் ஒன்பது. காய் நறுக்கிறது போரடிக்குதுன்னு கழண்டவங்க உண்டு. ஆனா கடைசி வாரம் இட்லி மாவுக்குப் பதினேழு பேர் வந்தோம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்து அரைபட்டு, பொங்கி, கிரைண்டர் விளிம்பு வரைக்கும் எழும்பி வர்றதைப் பார்த்து எல்லாரும் வீடியோ எடுத்தானுங்க. கையாலயே கலக்கணும்னு மாஸ்டர் சொன்னார். மறுநாள் காலையில ஆறு மணிக்கு, யாரும் கூப்பிடாம, மாவு பொங்கியிருக்கான்னு பார்க்க எட்டுப் பேர் மெஸ் வாசல்ல நின்னோம். ஞாயித்துக்கிழமை, காலை ஆறு மணி! எட்டரை மணி கிளாஸுக்கு இந்தக் கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. ராத்திரி பூரா பாக்டீரியா வேலை செஞ்சு, உள்ளே வாயுவை நிரப்பி, மாவு ரெண்டு மடங்கு ஆகியிருந்துச்சு. மூடியைத் திறந்ததும் வந்த அந்தப் புளிச்ச வாசத்துக்கு ஒருத்தன் கை தட்டினான்.

கிரெடிட் குடுத்தா ஒரு பயம் எனக்கும் இருக்கு. ரெக்கார்டு நோட், எய்ம், அப்பாரட்டஸ், புரொசீஜர், ரிசல்ட், 'இவ்வாறாக ரசம் தயாரிக்கப்பட்டது'ன்னு எழுதி, போன வருஷ சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சு அதையும் நாசம் பண்ணிடுவோம். அதனால ரெக்கார்டு வேண்டாம். வைவா மட்டும் போதும்: நீ செஞ்சதை நீயே சாப்பிடு, எக்ஸ்டர்னலும் சாப்பிடட்டும். மாஸ்டருக்கும் அக்காவுக்கும் அந்த ஆறு வாரமும் யாரும் தனியா எதுவும் குடுக்கலைன்னு பிற்பாடுதான் தெரிஞ்சது. நானூறு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு செய்ற வேலைக்கு நடுவுல வந்து நின்னாங்க. கெஸ்ட் லெக்சர் குடுக்க வர்றவங்களுக்குப் பொன்னாடையும் கவரும் குடுக்கிறோம். இவங்களுக்கும் குடுக்கணும், பொன்னாடை இல்லைன்னாலும் பரவாயில்லை. கேஸ் செலவுக்கு ஆளுக்கு நாற்பது, அம்பது ரூபாய் போடச் சொன்னா நான் முதல் ஆளா போடுறேன்.

ரூம்ல கெட்டில் வைக்கக் கூடாது, இண்டக்‌ஷன் வைக்கக் கூடாதுங்கிற விதியை நான் எதிர்க்கலை. ஒரே பிளக்ல நாலு பேர் கெட்டில் போட்டு வயர் உருகினதை எங்க ஃபுளோர்லயே பார்த்தாச்சு. ஆனா கெட்டிலைப் பிடுங்கிட்டு, அடுப்படிக் கதவையும் சாத்தினா எப்படி? வாரத்துல ரெண்டரை மணி நேரம் அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்றோம், அவ்வளவுதான்.

பொங்கல் லீவுல வீட்டுக்குப் போயிருந்தேன். ரசம் வச்சேன். அம்மா ரெண்டாவது தடவை சாதம் போட்டுக்கிட்டாங்க. "உப்பு கொஞ்சம் கம்மி" அப்படின்னாங்க. தங்கச்சிக்குத் தாளிக்கச் சொல்லிக் குடுத்தேன். அவ முதல் தடவையே கருக்காம எடுத்துட்டா, அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வகுப்பு தொடரணும்னு ஒரு கடிதம் எழுதி மெஸ் நோட்டீஸ் போர்டு பக்கத்துல வச்சிருக்கோம். கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல அதே கடிதத்தோட இன்னொரு காப்பி இருக்கு. இந்த வாரக் கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடலாம். அனுமதி கிடைச்சா முதல் நாளே வாழைப்பூதான், நான் அக்காகிட்ட பேசிட்டேன். கள்ளன் எடுக்க ஆள் வேணும். கைக்குத் தடவிக்க எண்ணெய் அங்கேயே இருக்கு.